மதுக்கரை அமுச்சி: வாழிடமும் வழக்கங்களும்

கிறிஸ்தவ அமுச்சி தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களிலும் காணப்படுபவர். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று தங்குதடையின்றி வந்து மோதும், கோயம்புத்தூரை அடுத்த மதுக்கரைப் பக்கத்தில் அவருக்குச் சில தனிக் குணங்கள் உண்டு. உயரம் குறைவு, குரல் அதிகம். கண்ணாடி இல்லாமல் வேதாகமம் படிக்க முடியாது. பேரன் சட்டைப் பையில் இருக்கும் தீப்பெட்டியைத் தெருமுனையிலிருந்தே கண்டுபிடிக்க அது வேண்டியதில்லை. தோளில் ஒரு மஞ்சப்பை. அதற்குள் வேதாகமம், கண்ணாடிக் கூடு, கைக்குட்டை முனையில் முடிந்த சில்லறை, யாருக்காவது கொடுப்பதற்கென்று ஏதாவது ஒன்று. இந்தக் கடைசிப் பொருளை வைத்துத்தான் இவரை மற்ற பாட்டிகளிடமிருந்து பிரித்தறிய வேண்டும். பை கனத்துத் தொங்கினால் போய்க்கொண்டிருக்கிறார். காற்றில் ஆடினால் திரும்பிக்கொண்டிருக்கிறார். மகள் வழிப் பிள்ளைகளுக்கு அமுச்சி, மகன் வழிப் பிள்ளைகளுக்கு ஆத்தா. இரு தரப்பையும் திட்டும் முறை ஒன்றுதான்.

இவரைப் பற்றிய மிகப் பழைய எழுத்துச் சான்று, பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில் இருக்கிறது. தீமோத்தேயுவின் விசுவாசம் முதலில் பாட்டி லோவிசாளிடமும் பிறகு தாய் ஐனிக்கேயாளிடமும் குடியிருந்ததாக அப்போஸ்தலர் நினைவுகூர்கிறார். பாட்டி என்று உறவும் சொல்லிப் பெயரும் சொல்லி வேதாகமம் குறிப்பிடுவது லோவிசாள் ஒருவரைத்தான். தீமோத்தேயுவின் அப்பாவைக் கிரேக்கர் என்று ஒரு வார்த்தையில் அப்போஸ்தலர் நடபடிகள் முடித்துவிடுகிறது. தாத்தாவைப் பற்றி மூச்சே இல்லை. மதுக்கரை வீடுகளிலும் தாத்தாவின் நிலை ஏறக்குறைய இதுவே. திண்ணையில் இருப்பார், வரலாற்றில் இருக்க மாட்டார்.

லோவிசாளைப் பற்றிக் கிடைப்பது அந்த ஒரு வரிதான். முழு விவரத்தோடு கிடைக்கும் முதல் ஆள் மோனிக்கா. நான்காம் நூற்றாண்டு, வட ஆப்பிரிக்காவின் தகாஸ்தே நகரம். இன்றைக்கு அது அல்ஜீரியாவில் இருக்கிறது. கணவர் பத்ரீசியு முன்கோபி, வேறு மதத்தவர். மாமியாரோ வேலைக்காரிகள் போட்டுக்கொடுத்ததை நம்பி மருமகளோடு மல்லுக்கு நின்றவர். மோனிக்கா பொறுமையாலேயே இருவரையும் வழிக்குக் கொண்டுவந்தார். மாமியார் கட்சி மாறியதை ரோமப் பேரரசின் வரலாற்றாசிரியர்கள் போதிய அளவு வியந்ததாகத் தெரியவில்லை. வழிக்கு வராதவன் மகன் அகுஸ்தீன். கி.பி. 354-இல் பிறந்த கெட்டிக்காரப் பிள்ளை. படிப்பு ஏறிய வேகத்தில் மற்றதும் ஏறியது. மகனிடம் பேசிப் புத்தி சொல்லும்படி மோனிக்கா ஓர் ஆயரை நச்சரித்தார். ஆயர் மறுத்தார். மோனிக்கா அழுதார், மறுபடி கேட்டார், மறுபடி அழுதார். பொறுமையிழந்த ஆயர், இத்தனை கண்ணீருக்குப் பிறந்த பிள்ளை கெட்டுப்போக வழியில்லை, போய் வாருங்கள் என்ற பொருளில் ஏதோ சொல்லி அனுப்பி வைத்தார். மோனிக்கா அதைப் பரலோகத்திலிருந்து வந்த பதிலாகவே எடுத்துக்கொண்டார். ஆயர் கடுப்பில் சொன்னதையும் வாக்குத்தத்தமாக எடுத்துக்கொள்ளும் இந்தத் திறமை இன்றுவரை வழக்கொழியவில்லை.

383-இல் அகுஸ்தீன் ரோமுக்குக் கிளம்பினார். அம்மா துறைமுகம் வரை வந்து, ஒன்று நீ திரும்பி வா அல்லது நானும் வருகிறேன் என்று பிடித்துக்கொண்டார். நண்பனை வழியனுப்பத்தான் வந்தேன், காற்று வரட்டும் என்று மகன் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, அம்மா பக்கத்துச் சிற்றாலயத்தில் ஜெபித்துக்கொண்டிருந்த இரவில் கப்பலேறிவிட்டார். பெங்களூருக்கு வேலைக்குப் போகும் பேரன்கள் இன்றும் ஏறக்குறைய இதே முறையைத்தான் கையாள்கிறார்கள். கப்பலுக்குப் பதில் ராத்திரி பஸ். மோனிக்கா விடவில்லை. மகன் ரோமிலிருந்து மிலானுக்கு மாறிய பிறகு கடல் தாண்டிப் போய்ச் சேர்ந்தார். வழியில் புயல் அடித்தபோது பயணிகளுக்குத் தைரியம் சொல்வது மாலுமிகள் வேலை. அந்தக் கப்பலில் மாலுமிகளுக்கு மோனிக்கா தைரியம் சொன்னார். மிலானில் மகனுக்குப் பெண் பார்த்து நிச்சயம் வரை கொண்டுபோனார், திருமணம் நடக்கவில்லை.

மிலானில் நடந்த இன்னொன்றுதான் ஆராய்ச்சியாளர்கள் கவனிக்க வேண்டியது. ஊர் வழக்கப்படி மோனிக்கா கூழும் ரொட்டியும் திராட்சரசமும் கூடையில் எடுத்துக்கொண்டு இரத்தசாட்சிகளின் கல்லறைக்குப் போனார். வாசல் காவலாளி தடுத்தார். கல்லறையில் விருந்து வைத்துக் குடிப்பதற்கு அது சாக்காகிவிடும் என்று பேராயர் அம்புரோசியார் தடை போட்டிருந்தார். மோனிக்கா முகம் சுளிக்காமல் திரும்பி, அன்றிலிருந்து ஜெபத்தைக் கல்லறைக்கும் பண்டத்தை ஏழைகளுக்கும் பிரித்துக் கொடுத்தார். தூக்குப்போசியோடு தேவாலய வாசலில் காவலாளியிடம் மாட்டிக்கொண்ட பெண்களில் ஆவணப்படுத்தப்பட்ட முதல் ஆள் அவராகத்தான் இருக்க வேண்டும். 387-இல் ஈஸ்டரின்போது அகுஸ்தீனும், மோனிக்காவின் பேரன் அதேயோதாத்துஸும் ஒன்றாக ஞானஸ்நானம் பெற்றார்கள். அதே ஆண்டு ஊர் திரும்பும் வழியில், ஓஸ்தியா துறைமுகத்தில், வேலை முடிந்தது என்பதுபோல மோனிக்கா இறந்துபோனார்.

கோயம்புத்தூர்ப் பக்கம் அமுச்சி பரவிய வரலாறு இதைவிடச் சுருக்கமானது. இலண்டன் மிஷனரி சங்கத்தின் ஆடிஸ் ஐயர் 1830-இல் கோயம்புத்தூர் வந்தார். கத்தோலிக்கர்கள் அதற்கு முன்பே கருமத்தம்பட்டியில் இருந்தார்கள். 1862-இல் சென்னையிலிருந்து பேப்பூர் போகும் ரயில் பாதை போத்தனூர் வழியாக ஓடத் தொடங்கியது. ரயில்வேயோடு சில குடும்பங்கள் வந்தன. 1930-களில் மதுக்கரைச் சுண்ணாம்புக்கல்லை நம்பிச் சிமெண்ட் ஆலை எழுந்தது; 1936-இல் ஏ.சி.சி. சிமெண்ட் நிறுவனம் உருவான பிறகு ஊரின் அடையாளமே அதுவாயிற்று. ஆலை வேலைக்கு ஆண்கள் வந்தார்கள், ஆண்களோடு பெண்கள் வந்தார்கள், சிமெண்ட் தூசி எல்லோர்மேலும் ஒரே மாதிரி படிந்தது. 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. 1950-இல் கோவைத் திருமண்டலத்துக்கு ஏ.ஜே. அப்பாசாமி பேராயரானார். பக்தி மார்க்கத்தையும் கிறிஸ்தவத்தையும் இணைத்துப் புத்தகம் எழுதிய அறிஞர் அவர். அமுச்சிகள் அந்தப் புத்தகத்தைப் படித்ததில்லை. படித்திருந்தால், இதை எழுத இவ்வளவு பக்கம் எதுக்குங்க என்று கேட்டிருப்பார்கள்.

அமுச்சியின் நாள் காலை நான்கரைக்கு, வாளையார் பக்கம் போகும் கூட்ஸ் வண்டியின் சத்தத்தோடு தொடங்கும். முதல் வேலை ஜெபம். முழங்கால் வலி காரணமாக முழங்காலிடுவது பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்வதாக மாறிவிட்டாலும் சத்தம் குறையவில்லை. கர்த்தர் எல்லாவற்றையும் அறிந்தவர் என்பது அமுச்சியின் உறுதியான விசுவாசம். ஆனாலும் விலாசம், வயது, பரீட்சை நம்பர், எந்த ஆஸ்பத்திரி, எத்தனையாவது வார்டு என்று விவரம் விடுபடாமல் சொல்லிவிடுவார். வரிசை மாறாது. முதலில் உலக சமாதானம், அடுத்து பிரதமர், முதலமைச்சர், பேராயர், ஆயர், பாஸ்டரம்மா; பிறகு மக்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள். நேரடியாகச் சொல்ல முடியாத சேதிகளும் இந்த வழியாகவே போய்ச் சேரும். "ஆண்டவரே, எங்க மருமகளுக்கு வெடியால நேரமா எந்திரிக்கிற கிருபையைக் குடுங்கப்பா" என்ற விண்ணப்பம் பரலோகத்துக்குப் போகும் வழியில் பக்கத்து அறையைக் கடந்துதான் போகும். பட்டியலில் மனிதர்கள் மட்டும் என்று கட்டாயமில்லை. 2016 ஜூனில் மதுக்கரையைக் கலக்கிய மகராஜ் என்ற காட்டு யானையை மயக்க ஊசி போட்டுப் பிடித்து டாப்சிலிப் பக்கம் கொண்டுபோனார்கள். சில நாளிலேயே அது இறந்தது. பிடிபடும் வரை தென்னையைச் சாய்த்ததற்காகத் திட்டு வாங்கிய யானை, லாரியில் ஏறிய அன்று ஜெபத்தில் இடம்பிடித்தது. தண்டவாளத்தைக் கடக்கும் யானைகளுக்காக 2024-இல் வனத்துறை செயற்கை நுண்ணறிவுக் கேமராக்களைப் பொருத்தியது. அந்தக் கேமராக்களுக்காகவும் சேர்த்து ஜெபித்தாயிற்று.

ஜெபத்துக்கு அடுத்தது அரிசி. உலை வைக்கும் முன் ஒரு பிடியை எடுத்துப் பழைய டால்டா டப்பாவில் போடுவது பிடியரிசிக் காணிக்கை. மிசோரம் சபைப் பெண்கள் 1910-இல் இதே வழக்கத்தைத் தொடங்கி, பிடி பிடியாகவே ஊழியங்களைத் தாங்கும் அளவுக்கு வளர்த்திருக்கிறார்கள். மதுக்கரை முறையில் ஒரு கூடுதல் விதி உண்டு: வீட்டுக்கு ரேஷன் அரிசி, டப்பாவுக்குப் பொன்னி. பிடியின் அளவும் நிலையானதல்ல. மகனுக்கு போனஸ் வந்தால் பிடி பெரிதாகும், அது நன்றி. சம்பளம் தள்ளிப்போனாலும் பிடி பெரிதாகும், அது வேண்டுதல். இடைப்பட்ட நாட்களில் மட்டும் வீட்டில் வயிறாரச் சாப்பிடலாம்.

ஆயினும் அமுச்சியின் கொடைத்தன்மையை முழுமையாக விளங்கிக்கொள்ள வேண்டுமானால், அவர் எதைக் கொடுத்தார் என்பதைவிட யாருடையதைக் கொடுத்தார் என்று பார்ப்பதே சரி. இரண்டு அங்கி உள்ளவன் இல்லாதவனுக்குக் கொடுக்கட்டும் என்பது யோவான் ஸ்நானகன் போதனை. வீட்டில் மொத்தம் இரண்டு அங்கி இருக்கிறதா என்று மட்டும்தான் அமுச்சி எண்ணுவார். எது யாருடையது என்ற கேள்வி லூக்கா சுவிசேஷத்தில் இல்லை. மகன் துபாயிலிருந்து அப்பாவுக்கென்று வாங்கி வந்த ஸ்வெட்டர் இப்படித்தான் ஒரு நாள் ஆலை கேட் வாட்ச்மேன் மேல் தென்பட்டது.

"ஏம்புள்ள, என்ற ஸ்வெட்டரு?"

"உங்களுக்குத்தான் ஒரே வேக்காடுன்னு சொல்லீட்டிருந்தீங்களே?"

"அது மே மாசமாச்சே!"

"அப்ப மறுபடியும் மே மாசம் வந்தா என்ன பண்ணுவீங்க?"

வாதம் அத்துடன் முடிந்தது. குடை, டார்ச் லைட், பேத்தியின் ஜியாமெட்ரி பாக்ஸ், மருமகள் சீதனமாகக் கொண்டுவந்த இட்லிப் பாத்திரம் ஆகியவையும் பல காலங்களில் இவ்விதமே வீட்டைவிட்டு நீங்கியவை. கேட்டு வந்தவர்களைவிடக் கேட்காதவர்களுக்கே முன்னுரிமை. கேட்கிறவனுக்கு வாய் இருக்கிறது, எங்காவது பிழைத்துக்கொள்வான் என்பது அமுச்சியின் பொருளாதாரக் கொள்கை. அதைக் குறை சொல்ல, வீட்டில் பொருளாதாரம் படித்த ஒரே ஆளான மூத்த மருமகனாலும் முடியவில்லை.

இந்தக் குணம் உச்சத்தைத் தொடுவது அறுப்பின் பண்டிகையில். விளைந்ததையும் வளர்த்ததையும் சபையார் ஆலயத்துக்குக் கொண்டுவந்து படைப்பார்கள்; ஆராதனை முடிந்ததும் ஏலம். வாழைத்தார், தேங்காய்க் குலை, பூசணி, ஒரு கூடை முட்டை, யாரோ செய்த ஒப்புட்டு, எப்படியும் ஒரு சேவல். ஓர் ஆண்டு அந்தச் சேவல் அமுச்சி வளர்த்தது. கொள்ளும் கம்பும் போட்டு, பூனையிடமிருந்தும் மருமகனிடமிருந்தும் காப்பாற்றி வளர்த்தது. காலையில் சந்தோஷமாகத்தான் கொடுத்தார். ஏலம் முந்நூறில் தொடங்கி, ஊரில் கறிக்கடை வைத்திருக்கும் ஒருவர் நானூறு என்றபோது அமுச்சிக்கு வயிற்றைப் பிசைந்தது. கையைத் தூக்கி ஐந்நூறு என்றார். அம்மா சேவலைப் பிரிய மாட்டாமல் தவிப்பாரே என்று ஆண்கள் பக்கம் கடைசி வரிசையில் இருந்த மகன் அறுநூறு என்றார். நடுவில் தூண். பெண்கள் பக்கத்திலிருந்து எழுநூறு வந்தது. ஆண்கள் பக்கத்திலிருந்து எண்ணூறு போனது. கறிக்கடைக்காரர் எப்போதோ விலகிவிட்டார். மைக் பிடித்திருந்த கமிட்டிக்காரருக்கு இரண்டு பக்கமும் தெரியும், இருவரின் உறவும் தெரியும். கட்டட நிதியின் நிலவரமும் தெரியும். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஆயிரம் ஒருதரம், ஆயிரம் ரெண்டுதரம் என்று நிதானமாக இழுத்தார். ஆயிரத்து ஐந்நூறில் மகன் ஓய்ந்தார். சேவலை வென்ற அமுச்சி, பணம் கட்ட யாரைக் கூப்பிடுவது என்று திரும்பிப் பார்த்து, தூணுக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்த மகனைக் கூப்பிட்டார். அன்று சாயங்காலம் சேவல், சபையில் புதிதாக விதவையான ஒரு பெண்ணின் வீட்டுக்குப் போயிற்று. கறிக்கடைக்காரர் இன்றும் மகனைப் பார்த்தால் ஆயிரத்து ஐந்நூறு என்றுதான் வணக்கம் வைக்கிறார்.

பேரப்பிள்ளைகளின் கல்வி முழுவதும் கூலி முறையில் நடந்தது. மனப்பாடமாக ஒரு சங்கீதம் சொன்னால் ஐந்து ரூபாய். நூற்றுப்பதினேழாம் சங்கீதம் இரண்டே வசனம் என்பதைப் பேரன்களில் ஒருவன் கண்டுபிடித்து அதையே வாரா வாரம் ஒப்பித்துச் சம்பாதித்தபின், அதிகாரத்துக்குக் கூலி என்பது வசனத்துக்குக் கூலி என்று திருத்தப்பட்டது. உடனே இன்னொருவன் நூற்றுப்பத்தொன்பதை எடுத்தான். அதில் 176 வசனம். அமுச்சி அசரவில்லை. அவன் எழுபதாவது வசனத்தில் தூங்கிவிடுவான் என்று அவருக்குத் தெரியும், தூங்கினான். புத்தாண்டு ஆராதனையில் எடுக்கும் வாக்குத்தத்த அட்டைகளிலும் நிர்வாகத் தலையீடு உண்டு. வேலை தேடும் பேரனுக்குச் சந்ததி பெருகும் என்ற வசனம் வந்தால், கல்யாணமான பேத்தியின் அட்டையோடு பஸ் ஸ்டாப் போவதற்குள் மாற்றிவிடுவார். கர்த்தருடைய கை தவறாது, கவரில் போட்டவர் கை தவறலாம் என்பது விளக்கம்.

டிசம்பரில் தட்டு விவகாரம். கேக், முறுக்கு, கச்சாயம் வைத்த தட்டுகள் தெரு முழுக்கப் போகும். ரம்ஜானுக்குப் பிரியாணி அனுப்பும் வீட்டுக்கும், மாரியம்மன் நோம்பிக்கு மாவிளக்கும் தேங்காய்ப் பழமும் அனுப்பும் வீட்டுக்கும் முதல் தட்டு. காலித் தட்டைத் திருப்பிக் கொடுப்பது இந்தத் தெருவில் கேவலம். சர்க்கரையாவது போட்டுத்தான் வரும். அந்தச் சர்க்கரையில் அடுத்த தட்டு தயாராகும். இப்படி ஒரே எவர்சில்வர் தட்டு கிறிஸ்துமஸிலிருந்து பொங்கல் வரை ஓய்வில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். அது முதலில் யார் வீட்டுத் தட்டு என்பதில் இரண்டு குடும்பங்களுக்கிடையே கருத்து வேறுபாடு நிலவுகிறது.

மே மாதம் இரண்டாம் ஞாயிறு அன்னையர் தினம். அமெரிக்காவில் அன்னா ஜார்விஸ் என்ற பெண் தன் தாயின் நினைவாக 1908-இல் கிராஃப்டன் ஊரின் மெத்தடிஸ்ட் ஆலயத்தில் தொடங்கிவைத்தது. பிறகு பூக்கடைக்காரர்களும் வாழ்த்து அட்டைக்காரர்களும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். நொந்துபோன ஜார்விஸ், தான் தொடங்கிய தினத்தை ஒழிக்கவே மிச்ச வாழ்நாளையெல்லாம் செலவழித்து 1948-இல் இறந்தார். மதுக்கரையில் அந்தச் சிக்கல் இல்லை. ஆலயத்தில் தாய்மாருக்கெல்லாம் ஆளுக்கொரு டிபன் பாக்ஸ் கொடுப்பார்கள். அமுச்சியின் பாக்ஸ் காம்பவுண்டு கேட்டைத் தாண்டுவதற்குள் வேறொருவர் கைக்குப் போய்விடும்.

இறப்பு விஷயத்தில் மோனிக்காவும் மதுக்கரை அமுச்சியும் மாறுபடுகிறார்கள். கணவர் பக்கத்தில் தனக்கென்று ஏற்பாடு செய்திருந்த கல்லறையைப் பற்றிக்கூடக் கவலைப்படாமல், உடலை எங்கே வேண்டுமானாலும் புதையுங்கள் என்று மோனிக்கா பிள்ளைகளிடம் சொல்லிவிட்டார். அமுச்சி அப்படி விடுபவர் அல்லர். எந்த வெள்ளைச் சேலை, எந்தப் பாமாலை, எத்தனை சரணம், பெட்டிக்கு எவ்வளவுக்கு மேல் கொடுக்கக் கூடாது, வந்தவர்களுக்கு யார் சமைப்பது என்று எல்லாவற்றையும் பேரனின் பழைய கணக்கு நோட்டில் எழுதி, பீரோவில் சேலைக்கடியில் வைத்திருந்தார். அந்தப் பக்கங்களை மட்டும் எதிர்பார்த்து நோட்டைத் திறந்த பிள்ளைகளுக்கு மிச்சப் பக்கங்கள் புதுச் செய்தி. பால்காரர் மகளுக்கு ஜூன் மாதம் பள்ளிக்கூட பீஸ், காது கேட்காத ஒரு தாத்தாவுக்கு மிஷின் பேட்டரி, மார்க்கெட்டில் கீரை விற்கும் அம்மாளுக்கு மாதா மாதம் சர்க்கரை மாத்திரை. பணம் எங்கிருந்து வந்தது என்ற பத்தியில் மூன்று மகன்களின் பெயரும் தனித்தனியாக, "ஆஸ்பத்திரிச் செலவுக்கு" என்ற குறிப்போடு இருந்தது. அந்த ஆஸ்பத்திரிக்கு அமுச்சி போனதாக யாருக்கும் நினைவில்லை. அடக்க ஆராதனை முடிந்த வாரமே பேட்டரித் தாத்தா வந்து திண்ணையில் உட்கார்ந்துகொண்டார். சண்டை போடலாம் என்றால் அவருக்குக் காது கேட்காது. பேட்டரி வாங்கிக் கொடுத்த பிறகு சண்டை போட யாருக்கும் மனம் வரவில்லை.

கல்லறையைக் கட்டுவதில் தடங்கல் இல்லை. சிமெண்டுக்குப் பேர்போன ஊர். பெயர்க்கல்லில் பிறந்த தேதி போடும்போதுதான் சிக்கல் எழுந்தது. ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒரு வருடம், ரேஷன் கார்டில் ஒன்று, ஆதாரில் ஜனவரி 1 என்று இன்னொன்று. மகன்கள் ஆளுக்கொரு சான்றிதழைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். உளியை வைத்துக்கொண்டு வெகுநேரம் காத்திருந்த கல் வேலைக்காரர், மத்தியானச் சாப்பாட்டு நேரம் நெருங்கியதும், "ஆதார்ல இருக்கறதையே போட்டுர்லாமுங்க. அதுலதான் எழுத்து கம்மி" என்றார். அப்படியே செதுக்கப்பட்டது. எழுத்துக் கூலியில் மிச்சமானதை, நோட்டின் கடைசிப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, இரண்டாவது மகன் அவரிடமே கொடுத்துவிட்டார்.